‘ரெசல்யூட்லி’ கலீல் பாய்

திருச்சி கோர்ட்டுத் தாழ்வாரத்தில் கலீல் பாய் எங்கே என்று கேட்டால், “எந்தக் கலீல், ரெசல்யூட்லி பாயா?” என்று திருப்பிக் கேட்பார்கள். ஆமாம் என்றால் கிழக்கே மூன்றாவது தூணைக் காட்டுவார்கள். நான் நான்காவது தூண். அவர் மனு எழுதுகிறவர், நான் ஸ்டாம்ப் விற்கிறவன். அழகிரி என்று பெயர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து பன்னிரண்டு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆட்கள் இருக்கலாம். எழுதுகிற உத்தேசம் எவனுக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த எரிச்சலில்தான் நான் எழுதுகிறேன்.

பாய் எட்டாவதோடு படிப்பை விட்டவர். வீடு நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில். சண்டைக் காலத்தில் பட்டாள முகாம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து டைப் அடிக்கக் கற்றுக்கொண்டார். முகாமைக் கலைத்தபோது ஆபீசர்கள் விட்டுப்போன சாமான்களில் மேலட்டை இல்லாத ஓர் ஆங்கில அகராதி அவர் கைக்கு வந்தது. நாற்பத்தாறில் பழைய டைப்ரைட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து உட்கார்ந்தார். கட்சிக்காரர் இல்லாத நேரத்தில் அந்த அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். முதல் மாதம் ஏதோ ஓதுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அதில் அவர் கண்டெடுத்த வார்த்தைதான் ‘ரெசல்யூட்லி’. எதையும் தீர்மானமாகச் செய்வதற்கு இங்கிலீஷில் அரை டஜன் வார்த்தை இருக்கிறதாம். அத்தனையையும் அவர் எனக்குப் பிரித்துச் சொல்லியிருக்கிறார், நான் கேட்காமலே.

“அழகிரி, ‘ஸ்ட்ராங்லி’ன்னு எழுதினா சத்தம் போட்ட மாதிரி. ‘ஃபர்ம்லி’ன்னா மேஜையத் தட்டின மாதிரி. ‘ஸ்டப்பர்ன்லி’ன்னா வண்டிமாடு படுத்துக்கிட்ட மாதிரி, அதப் போட்டா கேஸ் காலி. ‘ரெசல்யூட்லி’ அப்படியில்ல. மனசுக்குள்ள முடிவு பண்ணியாச்சு. வெளிய சத்தமே கிடையாது. கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். ஆனா நகர மாட்டான். கண்ணியமான வார்த்தை.”

“மனு கொடுக்க வர்றவன் எல்லாம் அப்படியா பாய் நிக்கிறான்? பாதிப் பேர் காலு நடுங்கிக்கிட்டுல்ல வர்றான்?”

“நடுங்கறது அவனுக்குத் தெரிஞ்சா போதும். ஆபீசருக்கு எதுக்குத் தெரியணும்?”

இதுதான் அவர் கொள்கை. நான் சிரிப்பேன். ஆனால் ஜீயபுரத்து வெள்ளையம்மாள் விஷயத்துக்குப் பிறகு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன். புருஷன் போன பிறகு வாழைத்தோட்டத்தைக் கொழுந்தன்மார் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அந்தம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நின்றாள். பாய் எழுதிய மனுவில் அவள் அந்தத் தோட்டத்தை ‘ரெசல்யூட்லி’ அனுபவித்து வந்தாள், ‘ரெசல்யூட்லி’ வரி கட்டினாள். தோட்டம் அவளுக்கே நின்றது. தாசில்தார் அந்த வார்த்தைக்காகக் கொடுத்தாரா, வரி ரசீதுக்காகக் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. வெள்ளையம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. அதன் பிறகு முக்கொம்பு வரைக்கும் உள்ள சனம் வந்து, “பாய், ஜீயபுரத்தம்மாவுக்குப் போட்டீங்களே, அந்த வார்த்தைய எங்களுக்கும் போட்டுடுங்க” என்று டாக்டரிடம் ஊசி கேட்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலீஷ் மனு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி இருக்கும். ‘மேலே கண்டது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்.’ அதன் கீழே கட்சிக்காரரின் கையெழுத்தோ ரேகையோ. பக்கத்தில் சாட்சி. சாட்சி பெரும்பாலும் நான்தான். அந்த வரியை மனு எழுதுகிற எல்லோரும் டைப் அடிப்பார்கள். வாசித்துக் காட்டுவதை மட்டும் யாரும் செய்ததில்லை. கட்சிக்காரர்களும் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்தவரிடம் போய் ‘வாசிச்சுக் காட்டுங்க’ என்பது அவர்மேல் சந்தேகப்படுகிற மாதிரி. “நீங்க எழுதினா சரியாத்தாங்க இருக்கும்” என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டுவார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். ஆயிரம் போட்டிருப்பேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் பிச்சைமுத்து வந்தான்.

முசிறி ரோட்டில் மூன்று பஸ் விட்டுக்கொண்டிருந்த ஒரு முதலாளியிடம் டிரைவர். முதலாளி பெயர் வேண்டாம், பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். பிச்சைமுத்து அவரிடம் பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். ஆள் வாட்டசாட்டம், மீசை இரண்டு பக்கமும் முறுக்கி நிற்கும். அப்படிப்பட்டவன் பாய் முன்னால் குந்தி உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

நடந்தது இவ்வளவுதான். முந்தின வாரம் ஒருநாள் சாயங்காலம் குணசீலத்துக்குப் பக்கத்தில் ஒரு பார வண்டி குறுக்கே வந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் தரை வரைக்கும் போய்விட்டது. வாய்க்கால் ஓரத்து மண்மேட்டில் ஏற்றி எப்படியோ நிறுத்தினான். உள்ளே முப்பது பேர். மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், “பயமா இருக்குதுங்க முதலாளி. பிரேக்க ஒருதடவ பாத்துக் கொடுத்தீங்கன்னா உடனே எடுத்துடறேங்க. இல்லேன்னா வேற வண்டி கொடுங்க” என்றான். முதலாளி, “ஏறுறியா இல்லையாடா?” என்றார். இவன் பதில் சொல்லாமல் நின்றான். வேறு டிரைவர் அந்த வண்டியை எடுத்துப் போனான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததுதான் இவனுக்கு வினையாகிவிட்டது. உத்தரவுக்குக் கீழ்ப்படியாததற்கு விளக்கம் எழுதிக் கொடு என்று இங்கிலீஷில் மெமோ வந்தது.

“எடுக்க மாட்டேன்னு சொன்னீங்களா?” என்று பாய் கேட்டார்.

“ஐயையோ, அப்படியெல்லாம் சொல்லுவேனுங்களா? பயமா இருக்குதுன்னுதாங்க சொன்னேன்.”

பாய் காகிதத்தைச் சொருகி அடித்தார். அடித்ததைப் படித்துப் பார்த்தார். உருவி எடுத்தார். என் பக்கம் சாய்ந்து, “பயந்தேன், பயந்தேன்னு மூணு எடத்துல வருது அழகிரி. மீசை வச்ச மனுஷன். இத எழுதிக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரல்ல” என்று மெதுவாகச் சொன்னார். வேறு காகிதம் சொருகினார். ‘பயணிகளின் உயிரை முன்னிட்டு அந்த வண்டியை ஓட்ட நான் ரெசல்யூட்லி மறுத்தேன்’ என்று இங்கிலீஷில் அடித்தார். கீழே வழக்கமான வரி. பிச்சைமுத்து தமிழில் கையெழுத்துப் போட்டான். நான் சாட்சி போட்டேன். வாசித்துக் காட்டவில்லை.

எட்டாம் நாள் வேலை நீக்க உத்தரவு வந்துவிட்டது. ‘உன்னுடைய சொந்த வார்த்தையிலேயே, தீர்மானமாக மறுத்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறாய்’ என்று இருந்தது. மேற்கோள் குறி போட்டு அந்த வார்த்தையையே எடுத்து எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது பாயின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். தயங்கி நின்றவனுக்கு எச்சரிக்கையோடு போயிருக்கும். வேண்டுமென்றே மறுத்தவனுக்கு மன்னிப்புக் கிடையாது. பாய் விஷயத்தைச் சொன்னதும் இங்கிலீஷ் தெரியாத எனக்கே அது புரிந்தது.

பிச்சைமுத்துவுக்குப் புரியவில்லை. “அதுல என்னதாங்க எழுதியிருந்துச்சு?” என்றான். பாய் அன்றைக்குத்தான், காரியம் கெட்ட பிறகு, முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினார். மனசுக்குள் முடிவு செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சத்தம் போடாமல், நகராமல் நிற்பது என்று அந்த வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னார். பிச்சைமுத்து கோபப்படுவான், இரண்டு அடி வைத்தாலும் வைப்பான் என்று நான் எழுந்து நின்றுகொண்டேன். அவன், “இன்னொருதடவ சொல்லுங்க பாய்” என்றான். பாய் இன்னொரு தடவை சொன்னார். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அதிர்ச்சியில் இருக்கிறான் என்று நினைத்தேன்.

மோட்டார் தொழிலாளர் சங்கம் விஷயத்தை எடுத்துக்கொண்டது. மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்து கண்டோன்மெண்டில் ஒரு பழைய பங்களா அறையில் உட்காருவார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. பத்து மாதம் ஓடியது. இதற்குள் பிச்சைமுத்து முசிறியில் இருந்த பெண்டாட்டி மாரியாயியையும் இரண்டு பிள்ளைகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தான். ஸ்டியரிங் பிடித்த கை. வேறு முதலாளி எவனும் சேர்க்கவில்லை. பாய் இந்தப் பத்து மாதத்தில் பாதி ஆளாகிவிட்டார். யார் வந்து அந்த வார்த்தையைக் கேட்டாலும், “அது தீந்துபோச்சும்மா” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஒருநாள் என்னிடம், “நான் விசாரணையில சொல்லிடப் போறேன். அது அவன் வார்த்தை இல்ல, என் வார்த்தை. வாசிச்சுக் காட்டல்லன்னும் சொல்லிடப் போறேன்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. “உமக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா பாய்? வாசிச்சுக் காட்டினதா பொய் எழுதினேன்னு நீரே போய்ச் சொன்னா இந்தத் தூணடியில நாளைக்கு உட்கார விடுவாங்களா? இத்தனை வருஷ மனுவும் சந்தி சிரிச்சுப்போகும். சாட்சி போட்டவன் நான். என்னையும் சேத்துல்ல இழுத்துவிடப் பாக்கறீர்?”

“உங்க பேரு என் வாயில வராது. வீட்டுக்காரி வஹீதாகிட்ட சொல்லிட்டேன். சொல்லுங்கன்னுட்டா. அவன் ரெண்டு பிள்ளைய நெனச்சா எனக்குச் சோறு எறங்கல்ல அழகிரி.”

சொன்னபடி செய்தார். ஐம்பத்தெட்டு வைகாசியில் அந்த விசாரணை. நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், என் பெயர் வருகிறதா என்று பார்க்கத்தான். வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாய் துவைத்த ஷெர்வானி போட்டுக்கொண்டு வந்திருந்தார். “அந்த வார்த்தை என்னுதுங்க. அவரு பயமா இருக்குன்னுதான் சொன்னாரு. மறுத்தேன்னு சொல்லவே இல்லீங்க” என்றார்.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். “வாசித்துக் காட்டப்பட்டது என்று கீழே இருக்கிறதே, அது பொய்யா?”

“பொய்தாங்க.”

“இந்த ஒரு காகிதத்தில் மட்டுமா?”

பாய் கொஞ்சம் யோசித்தார். “இல்லீங்க. எல்லாத்துலயும்.”

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பாயைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஒருவன் தன் பிழைப்பைத் தானே வெட்டிக்கொள்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. பிச்சைமுத்துவைக் கூப்பிட்டு நிதானமாகக் கேட்டார். “நீயே சொல்லப்பா. அன்றைக்குக் காலையில் முதலாளியிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னாயா, எடுக்க மாட்டேன் என்று சொன்னாயா? யோசித்துச் சொல்.”

அவன் ‘பயமாக இருக்கிறது என்றேன்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். நடந்ததும் அதுதான். அதிகாரி வேலையைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தார் என்று நான் சத்தியம் செய்வேன். பிச்சைமுத்து வாயைத் திறந்தான். அதற்குள் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம், “பயந்துட்டாராம்! மீசையப் பாருங்க” என்று சொல்லிச் சிரித்தார். அறையில் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிச்சைமுத்து திரும்பி முதலாளியைப் பார்த்தான். ஜன்னல் ஓரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மாரியாயியைப் பார்த்தான். அப்புறம் அதிகாரியைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டான்.

“எடுக்க மாட்டேன்னுதாங்க சொன்னேன். பேப்பர்ல இருக்கறதுதாங்க நெசம்.”

“பிச்சைமுத்து!” என்று பாய் கத்தினார். தாழ்வாரத்தில் இத்தனை வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. “வேணாம்பா. நடந்தத சொல்லு.”

“பாய் என்மேல எரக்கப்பட்டு மாத்திப் பேசறாருங்க. அவரு எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. நான் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அதிகாரி அவனை மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னான், சத்தம் போடாமல். மாரியாயி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வேலை நீக்கம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த மாதம் பாயிடம், இனித் தாழ்வாரத்தில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாசித்துக் காட்டினாரா இல்லையா என்பது இப்போது ஆளுக்கொரு பேச்சாகப் போயிருந்தது. தன் வாயாலேயே பொய்யன் என்று சொன்னவரை யார் வைத்துக்கொள்வார்கள்? பாய் தகராறு செய்யவில்லை. டைப்ரைட்டரைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். நான் தூக்கிவிடக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு பேர் பார்ப்பார்கள் என்று பயந்தேன். மூன்றாவது தூணடியில் மறுவாரமே வேறு ஒருவர் வந்துவிட்டார். அவர் மனுக்களின் அடியிலும் அந்த வரி இருந்தது. அவரும் வாசித்துக் காட்டியதில்லை. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

பாய்க்குச் செம்பட்டுப் பக்கம் ஒரு தோல் மண்டியில் மூட்டைகளின்மேல் விலாசம் எழுதுகிற வேலை கிடைத்தது. பிரஷ்ஷை மையில் தோய்த்து மெட்ராஸ், கல்கத்தா என்று எழுதிக்கொண்டிருப்பார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். “இதுல ஒரு நிம்மதி அழகிரி. ஊர் பேரத் தவிர ஒரு வார்த்தை கூடுதலா எழுத முடியாது” என்றார். தோல் நாற்றமும் சுண்ணாம்பும் நெஞ்சைப் பிடித்துவிட்டன. மூன்று வருஷம் இருமினார். அறுபத்தொன்று ஆவணியில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குத் தாழ்வாரத்திலிருந்து நான் ஒருவன்தான் போயிருந்தேன். வஹீதா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

புரட்டாசியில் ஒருநாள் வீட்டில் விசேஷத்துக்கு வாழைத்தார் வாங்கக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். லாரியிலிருந்து தார் இறக்கிக்கொண்டிருந்தவன் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு, “ஸ்டாம்ப்காரய்யா!” என்று கிட்ட வந்தான். பிச்சைமுத்து. மீசையில் பாதி நரைத்துவிட்டது. எனக்குள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

“ஏன்யா அப்படிச் சொன்ன?” என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். “ஒரு வார்த்தை. பயந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா வண்டி கெடச்சிருக்கும். அந்த மனுஷன் உனக்காகத் தன் பொழப்ப மண்ணாக்கிக்கிட்டாரு. நீ அவரையே பொய்யனாக்கிட்டியே!”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பதினெட்டு வருஷம் அந்த மொதலாளி முன்னாடி சரிங்க, சரிங்கன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேனுங்க. அன்னிக்குக் காலையிலயும் வேற ஒண்ணும் வாயில வரல்ல. ஆனா பாய் எழுதியிருந்தாரு பாருங்க, முடிவு பண்ணிட்டு கையக் கட்டிக்கிட்டு நின்னேன்னு. அத வாசிச்சுக் காட்டினப்போ யாரோ ஒருத்தரப் பத்திக் கேக்கற மாதிரி இருந்துச்சு. அப்பறம் பாத்தா என் பேரு. நான் அப்படியாப்பட்ட ஆளான்னு பத்து மாசம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அங்க அவரு சிரிக்கறாரு. மாரியாயி பாத்துக்கிட்டு நிக்கறா. இல்லைங்க, நான் அந்த ஆளு இல்லைங்கன்னு நானே எப்படிங்க சொல்றது?”

லாரிக்காரன் அவனைக் கூப்பிட்டான். அவன் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டே சொன்னான். “பாய் பேரு கெட்டதுதாங்க எனக்குத் தாங்கல்ல. போயி கால்ல விழணும்னு மூணு வருஷமா நெனக்கறேன், போறதுக்குத் தைரியம் வரல்ல. நீங்க பாப்பீங்கல்ல? பிச்சைமுத்து மன்னிப்புக் கேட்டான்னு சொல்லுங்கய்யா.”

பாயை அடக்கம் செய்து அன்றைக்கு இருபத்தாறு நாள்.

“சொல்றேன்பா” என்றேன்.